தம்பிமுத்து சேர்த்துவைத்த பெருநாட்கள்

முத்திரை சேர்க்கிறவர்களைக் கண்டிருப்பீர்கள், பழைய நாணயம் சேர்க்கிறவர்களைக் கண்டிருப்பீர்கள். பெருநாள் சேர்த்த மனிதரைக் கண்டிருக்கமாட்டீர்கள். நான் கண்டேன். கண்டது மட்டுமில்லை, அவரோடு மூன்று வருஷம் ஒரே தொழுவத்தில் சாணமும் அள்ளினேன். பெயர் தம்பிமுத்து. என்னைவிட மூத்தவர் என்பதால் நான் தம்பிமுத்தண்ணை என்று கூப்பிடுவேன்.

டென்மார்க்கில் ஹேர்னிங் என்ற ஊருக்கு மேற்கே, காற்றுக்கு மறைவே இல்லாத வெளியில், கிறெஸ்ரன் என்ற டெனிஷ்காரரின் மாட்டுப் பண்ணை இருந்தது. எண்பத்தேழாம் ஆண்டு தொடக்கத்தில் நாங்கள் இருவரும் அங்கே சோடியாகத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். தம்பிமுத்தண்ணைக்கு மாடு தெரியும், டெனிஷ் தெரியாது. எனக்கு டெனிஷ் ஓரளவு தெரியும், மாடு தெரியாது. நான் யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் பாஷையூர்க்காரன். மீனைப் பற்றிக் கேட்டால் விடிய விடியச் சொல்வேன், பசுவின் பின்பக்கத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கிறெஸ்ரன் எங்களை மேலும் கீழும் பார்த்தார். ஒருவருக்குக் கை இருக்கிறது, மற்றவருக்கு வாய் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் என்று எடுத்துக்கொண்டார்.

தம்பிமுத்தண்ணை மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம். காட்டுக் கரையில் மாதக்கணக்காக மாட்டுப் பட்டியோடு கிடந்த மனிதர். பட்டிக்காரன் தீபாவளிக்கு ஊருக்குப் போகலாம் என்று நினைத்தால், சிறுத்தையும் மாட்டுக்கள்ளனும் அதே நாளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். ஆகவே மற்றப் பெருநாளெல்லாம் வந்தால் வரும், போனால் போகும். பட்டிப் பொங்கல் மட்டும் தப்பாது. மாடு நிற்கிற இடத்திலேயே அடுப்பு மூட்டிப் பொங்கி, பட்டிக்குக் காவலான வதனமாருக்குப் படைத்து, முதல் பிடியை மூத்த பசுவுக்குக் கொடுத்த பிறகுதான் மனிதர் வாயில் வைப்பார்கள். இந்தக் கதையை அவர் எனக்குச் சொல்லிச் சொல்லி, நானே பொங்கியதுபோல ஒரு நினைப்பு எனக்கு வந்துவிட்டது.

இப்படிப்பட்ட மனிதர் டென்மார்க் வந்து ஒரு பானைகூடப் பொங்கவில்லை. காரணம் அவருடைய மனைவி இராசலட்சுமி. அவவும் மகள் நிலுஷாவும் ஊரில் நின்றார்கள். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் குடும்பத்தைக் கூப்பிடலாம் என்று சட்டம் இருந்தது. தம்பிமுத்தண்ணையும் சட்டப்படி விண்ணப்பம் போட்டார். போட்டது போட்டபடியே கொப்பன்ஹேகனில் கிடந்தது. பின்னாளில் 'தமிழர் வழக்கு' என்று பேப்பரெல்லாம் எழுதி, கடைசியில் ஒரு அரசாங்கத்தையே வீட்டுக்கு அனுப்பிய அலுவல் அது. அந்த நேரம் எங்களுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. எங்கள் ஆட்களின் குடும்பங்கள் மட்டும் ஏன் வரவில்லை என்று ஆளையாள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஹேர்னிங்கில் இருந்த ஆம்பிளைகள் ஆளுக்கொரு நேர்த்தி வைத்தார்கள். குணசேகரம், மனைவி வரும்வரை தாடி வழிப்பதில்லை என்றார். அவர் வேலை செய்த இறைச்சித் தொழிற்சாலையில் தலைக்கு ஒரு வலை, தாடிக்கு ஒரு வலை என்று கொடுத்தார்கள். நித்தியானந்தன் மீனை விட்டுவிட்டு, நித்திரையில் கருவாட்டின் பெயர் சொல்லிப் புலம்பினார். தம்பிமுத்தண்ணை பெருநாளை விட்டார்.

"அவ வரட்டும் மனே. மறுகா எல்லாத்தையும் சேத்து ஒரே நாளில கொண்டாடுவம்" என்றார். மறுகா என்றால் அவர்கள் பக்கத்தில் பிறகு என்று அர்த்தம். அவருடைய வாழ்க்கை முழுக்க அப்போது மறுகாவில்தான் கிடந்தது.

"பட்டிப் பொங்கலையுமோ அண்ணை விடப்போறியள்?" என்று கேட்டேன்.

"இந்த மாட்டுக்கு அப்பிடி ஒரு நாள் இருக்கெண்டே தெரியா. தெரியாத மாட்டுக்கு என்ன நட்டம்?"

அவருடைய நேர்த்தி எனக்கு அதிர்ஷ்டமாக அமைந்தது. பசுக்களுக்கு நத்தாரும் இல்லை, நல்ல நாளும் இல்லை, காலையும் மாலையும் கறக்கத்தான் வேண்டும். அதற்கு ஒருவர் நிற்கவேண்டும். தனக்குப் பெருநாள் இல்லை என்று ஒரு மனிதர் நிற்கும்போது எனக்கென்ன கவலை? கிறிஸ்மஸ் என்கிற நத்தார், பெரிய வெள்ளி, உயிர்த்த ஞாயிறு எல்லாவற்றையும் நான் முறையாக எடுத்தேன். அதோடு நிற்காமல் பாஷையூர் அந்தோனியார் திருநாள், மடு மாதா திருநாள் என்று ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டேன். ஆவணி மாதத்து மாதா திருநாள் சரியாக வைக்கோல் ஏற்றுகிற நேரத்தில் வரும். கிறெஸ்ரனுக்கு மாதாவில் பிடிப்பில்லை, எனக்கு வைக்கோலில் பிடிப்பில்லை. இருந்தாலும் அவர் லீவு தந்தார்.

ஏனென்றால் கிறெஸ்ரன் கடும் பக்திமான். சீட்டு இல்லை, குடி இல்லை, ஆட்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறப்பதும் தீனி போடுவதும் தவிர வேறு வேலைக்குக் கை நீட்டமாட்டார். எந்தச் சமயக்காரனும் தன் நாளைக் கைக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அதனால் என்னைப் பற்றி அவருக்குக் கவலையே இருக்கவில்லை. ஒருநாளும் லீவு கேட்காத தம்பிமுத்தண்ணையைப் பார்த்துத்தான் அவருடைய முகம் கறுத்துக்கொண்டு வந்தது.

எண்பத்தெட்டு வசந்தத்தில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அது வெடித்தது. மறுநாள் டென்மார்க்கில் பெரிய செபநாள். அதற்கு முதல் நாள் பின்னேரம் இவர்கள் கோதுமைப் பணிஸ், அதாவது பன், சுட்டுத் தின்பார்கள். கிறெஸ்ரன் ஒரு பை நிறையச் சுடச்சுடப் பணிஸோடு தொழுவத்துக்கு வந்தார். வந்தவர் பையைத் தராமல் என்னைக் கேட்டார்.

"இந்த மனிசனுக்குக் கடவுள் இருக்கிறாரோ?"

"இருக்கினம், கனபேர்" என்றேன்.

"அப்ப ஏன் அதில ஒருத்தருக்காவது ஒரு நாள் எடுக்கிறாரில்லை? கடவுளில்லாத ஆளிட்ட நான் மாட்டை விடேலாது. அவற்ற பெருநாள் எப்பவெண்டு கேள்."

கேட்டேன். தம்பிமுத்தண்ணை சிவத்தாளின் மடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிவத்தாள் அந்தப் பட்டியிலேயே மூத்த பசு. கறுப்பு வெள்ளை மாடுகளுக்கு நடுவே தனிச் சிவப்பு. அந்தப் பெயரை வைத்தவரும் அவர்தான். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "எனக்குப் பெருநாள் இன்னும் வரல்ல. எப்ப வருமெண்டு கொப்பன்ஹேகன் கந்தோரிட்டத்தான் கேக்கோணும்."

எனக்கு அது தேத்தண்ணி நேரம். பணிஸ் வேறு ஆறிக்கொண்டிருந்தது. விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கப் பொறுமையில்லாமல், சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்த்துவிட்டேன்.

கொப்பன்ஹேகனில் ஒரு கந்தோர், அதாவது அரசாங்க அலுவலகம், நாள் குறித்துக் கொடுக்கிற சமயத்தைக் கிறெஸ்ரன் அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார். ஆனால் மனிதர் காரியத்தைத் தள்ளிப்போடுகிறவர் அல்ல. பணிஸ் பையோடு நேரே குசினிக்குப் போய் ரெலிபோனை எடுத்தார். யன்னலால் எல்லாம் கேட்டது. தமிழரின் பெருநாள் எந்தத் திகதி என்று கேட்டார். அவர்கள் இன்னொரு பகுதிக்குத் தொடுத்தார்கள். அந்தப் பகுதி தேவாலய அலுவல் பார்க்கிறவர்களுக்குத் தொடுத்தது. அவர்கள் அப்படி ஒரு நாள் தங்கள் கலண்டரில் இல்லை என்று முதலாவது ஆளிடமே திருப்பிவிட்டார்கள். கிறெஸ்ரன் முகம் சிவந்து தொழுவத்துக்கு வந்தார்.

"அங்க ஒருத்தருக்கும் தெரியாதாம்" என்றார்.

இனியும் சும்மா இருந்தால் தம்பிமுத்தண்ணையின் வேலை போய்விடும் என்று எனக்கு விளங்கியது. வேலை போனால் நானும்தானே சோடியோடு போகவேண்டும்? ஊரில் மனைவி, பிள்ளை, அங்கே நடக்கிற போர், அசையாத விண்ணப்பம் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி வந்தபிறகு கொண்டாட என்று பெருநாட்களைச் சேர்த்து வைக்கிறார் என்றும் சொன்னேன்.

கிறெஸ்ரன் கேட்டார்: "அப்ப அது பெருநாள் இல்லை, மனிசியோ?"

நான் தமிழில் சொன்னேன். "ரெண்டும் ஒண்டுதானே" என்றார் தம்பிமுத்தண்ணை.

கிறெஸ்ரன் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "எங்கட ஆட்களும் இதைத்தான் செய்தவை. அந்தக் காலத்தில சின்னச் சின்னச் செபநாள் கனக்க இருந்தது. ஒரு பிஷப் எல்லாத்தையும் பொறுக்கியெடுத்து ஒரு வெள்ளிக்கிழமையில கட்டிவைச்சவர். அதுதான் நாளைக்கு வாற பெரிய செபநாள். பிஷப் செய்யலாமெண்டா இவரும் செய்யலாம்."

பணிஸ் பையைத் தம்பிமுத்தண்ணையிடம் நீட்டினார். அண்ணை வாங்கி அப்படியே என்னிடம் தந்தார். பெருநாள் பலகாரம் தின்னமாட்டார் அல்லவா? எல்லாவற்றையும் நானே சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து தம்பிமுத்தண்ணை கடவுள் இல்லாத மனிதர் அல்ல, பெரிய செபநாள் தள்ளிப்போன மனிதர். கிறெஸ்ரன் மாதாமாதம் கந்தோருக்கு ரெலிபோன் எடுப்பார். "தம்பிமுத்துவின்ர பெரிய செபநாள் எப்ப?" என்றுதான் கேட்பார். அங்கே இருந்த எழுதுவினைஞருக்கு இவருடைய குரலே பழகிவிட்டது. "பரிசீலனையில் இருக்கிறது" என்பது நிரந்தரப் பதில். ஒருமுறை கிறெஸ்ரனுக்குப் பொறுக்கவில்லை. "என்ர மாடு ஒன்பது மாதத்தில கண்டு போடுது. நீங்கள் இவ்வளவு காலமா உள்ளுக்கை என்னத்தைச் சுமக்கிறியள்?" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

சிரித்தோம்தான். ஆனால் எண்பத்தொன்பது தீபாவளி எனக்கு மறக்காது. ஊரில் இருந்து ஒரு மாதமாக ஒரு சேதியும் இல்லை. தம்பிமுத்தண்ணை சாணத் தண்ணி ஓடுகிற கானை, கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவினார். பிறகு சிவத்தாளின் விலாவில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். சிவத்தாளும் வாலைக்கூட ஆட்டாமல் நின்றது. "அண்ணை, போங்கோ, நான் கறக்கிறன்" என்றேன். "நீ கறந்தா மாடு பாலை மேல இழுத்துப்போடும்" என்றார். அது உண்மைதான். இரண்டு மூன்று நாளில் சகல பரிசுத்தவான்களின் திருநாள் வந்தது, நான் லீவு எடுத்தேன்.

அதற்குப் பிறகு கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, வாழ்க்கையில் ஓடியறியாத கிறெஸ்ரன் வீட்டிலிருந்து தொழுவம்வரை ஓடிவந்தார். ஒரு காலில் சப்பாத்து, மற்றக் காலில் வெறும் மேசு. "வந்திட்டுது" என்றார். கந்தோர் ஆளே ரெலிபோன் எடுத்து, விசா கொடுத்தாயிற்று என்று சொல்லியிருந்தார். நான் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. தம்பிமுத்தண்ணை கையில் இருந்த சாணவாரியைக் கீழே வைத்தார், பிறகு எடுத்தார், பிறகு வைத்தார்.

ரிக்கற் கிடைத்து அவர்கள் வந்து இறங்குகிற நாள் நத்தாருக்கு இரண்டு நாள் முன்னதாக அமைந்தது. தம்பிமுத்தண்ணை கொப்பன்ஹேகன் போனார். அன்றிரவு அதற்குப் பக்கத்தில் இஷொயில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கி, மறுநாள் இருபத்துநான்காம் திகதி, டெனிஷ்காரர் கொண்டாடுகிற நத்தார் மாலைக்குள் ரெயிலில் ஹேர்னிங் வந்துசேர்வது என்று ஏற்பாடு. இதெல்லாம் நல்லதுதான். நத்தார் மாலை யார் பால் கறப்பது?

"நீதான்" என்றார் கிறெஸ்ரன்.

"எனக்கு நத்தாரெல்லோ?" என்றேன்.

"இந்த முறை உனக்கு நத்தார் இல்லை. இது தம்பிமுத்துவின்ர பெருநாள்."

லூத்தரன் ஒருவர் கத்தோலிக்கனுக்கு நத்தாரை ரத்துச் செய்ததை எந்தப் பாப்பரசரிடம் முறையிடுவது? தொப்பியைப் போட்டுக்கொண்டு தொழுவத்துக்குப் போனேன். இயந்திரத்தைப் பூட்டினால் பசுக்கள் உதைத்துக் கழற்றின. என்னைக் கண்டாலே அவற்றுக்கு ஒரு இளக்காரம். மூன்றாவது உதையில் நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. கிறெஸ்ரன். கோயில் சட்டை, கழுத்துப்பட்டி, அதற்கு மேல் வேலை உடுப்பு. பிறந்த நாளிலிருந்து நத்தார் ஆராதனை தப்பவிடாத மனிதர்.

"கோயிலுக்குப் போகேல்லையோ?" என்று கேட்டேன்.

"பிறந்தவர் மாட்டுத் தொழுவத்திலதானே. விலாசம் பிழைக்காது" என்றார். பிறகு பாட்டுப் பாடிக்கொண்டே கறந்தார். மாடுகள் கேட்டுக்கொண்டு நின்றன. எனக்கு வந்த உதைகளை நினைத்து எரிச்சலாக இருந்தது.

கிறெஸ்ரனின் மனைவி ஹேர்னிங் ஸ்ரேஷனுக்குக் கார் கொண்டுபோய் அவர்களை ஏற்றிவந்தா. முற்றத்தில் கார் நின்றது. இராசலட்சுமி அக்கா இறங்கினா. இஷொயில் யாரோ கொடுத்த ஆம்பிளைக் கோட், கீழே சேலைக் கரை, அதற்குக் கீழே சப்பாத்து. பின்னால் நிலுஷா, மூக்குவரை இழுத்துவிட்ட தொப்பியோடு அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா ஊரை விட்டபோது அவளுக்கு இரண்டு வயது. கொப்பன்ஹேகனிலிருந்து வரும் வழி முழுக்க அவரோடு ஒரு சொல் கதைக்கவில்லையாம். தம்பிமுத்தண்ணை பைகளைத் தூக்கிக்கொண்டு, இப்போது என்ன செய்வது என்று தெரியாத முகத்தோடு வந்தார்.

எல்லோரும் வீட்டுப் பக்கம் திரும்ப, அக்கா மட்டும் மாட்டு வாசம் பிடித்து நேரே தொழுவத்துக்குள் வந்தா. அவவும் பட்டிக்காரர் வீட்டுப் பிள்ளைதான். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை மாடுகளைப் பார்த்தா.

"நல்ல மாடுகள்" என்றா. "பட்டிப் பொங்கல் எங்க வைச்சுப் பொங்குறீங்க?"

தம்பிமுத்தண்ணை என்னைப் பார்த்தார். நான் பால் குழாயை ஆராய்ந்தேன்.

"பொங்கயில்ல" என்றார்.

"இந்த வருஷமா?"

"ஒரு வருஷமும் பொங்கயில்ல. நீ வந்தாப் பிறகு எண்டு..."

அவ்வளவுதான். "நீங்க தின்னாமக் கிடந்தா அது உங்கட விருப்பம். வாயில்லாத சீவன் உங்களுக்கு என்ன செஞ்சிச்சு? இதுகளா என்னை வர விடாம மறிச்சு வைச்சதுகள்? மூணு வருஷமாக் கறந்து கறந்து ஊருக்கு ஊத்தியிருக்கீங்க, ஒரு பிடி சோறு திருப்பிக் குடுக்க உங்களுக்குக் கை வரல்ல. உங்களை நம்பி இந்த வெள்ளைக்கார ஐயா மாட்டை விட்டிருக்கிறாரே, அவரைச் சொல்லோணும்."

மூன்று வருஷம் காணாத மனைவி. தம்பிமுத்தண்ணை ஏச்சு முழுவதையும் தலை குனிந்து கேட்டார். ஆனால் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், மனிதருடைய முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

என்ன சொல்கிறா என்று கிறெஸ்ரன் கேட்டார். மாடுகளுக்கு ஒரு பெருநாளும் கொடுக்கவில்லை என்று ஏசுகிறா என்றேன். கிறெஸ்ரனின் காது சிவந்தது. "அவ சொல்லுறது சரி. நத்தாரெண்டா என்ர அப்பா மாட்டுக்குக் கூடுதலாத் தீன் போடுவார். எல்லாற்ற பெருநாளையும் பாத்தன், இதுகளின்ரயை விட்டிட்டன்" என்றார்.

"அரிசி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே அக்கா குசினிக்குள் போனா. பாலைப் பற்றிக் கேட்கத் தேவையில்லை. குசினியில் அடுப்பில் ஒரு பெரிய பானை. மூடியைத் திறந்தா. உள்ளே அரிசி பாலில் கொதித்துக் குழைந்து, நடுவில் வெண்ணெய் உருகிக் கிடந்தது. நத்தார் மாலைக்கு டெனிஷ்காரர் சமைக்கிற பாற்சோறு. அக்காவுக்கு அது எப்படித் தெரியும்? கிறெஸ்ரனின் மனைவியைக் கும்பிட்டா. பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்தா.

"பாருங்க, இந்த அம்மா மாட்டுக்குப் பொங்கி இறக்கிற நேரம். நாங்கதான் வெறுங்கையோட வந்து நிக்கிறம்."

யாரும் வாய் திறக்க முதல் ஒரு கோப்பை நிறைய அள்ளிக்கொண்டு தொழுவத்துக்குத் திரும்பிவிட்டா. பையிலிருந்து திருநீறு எடுத்து மூத்த பசு எது என்று கேட்டா. சிவத்தாளின் நெற்றியில் பூசி, வதனமாரை நினைத்து, முதல் பிடியை ஊட்டினா. மிச்சத்தைக் கிட்ட நின்ற மாடுகளுக்கு நக்கக் கொடுத்தா. கிறெஸ்ரன் அந்நேரம் முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதெல்லாம் தன் கண்ணில் படவில்லை என்று கர்த்தரிடம் சொல்ல வசதியாக இருக்கும். ஆனால் தொப்பியை மட்டும் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

பிறகு எல்லோரும் மேசையில் இருந்தோம். பாற்சோற்றுப் பானைக்குள் ஒரு முழுப் பாதாம் பருப்பை ஒளித்து வைப்பது இந்த நாட்டு வழக்கம். அது யாருடைய வாயில் அகப்படுகிறதோ அவருக்குப் பரிசு. அகப்பட்டவர் சொல்லாமல் கன்னத்துக்குள் பதுக்கிவைப்பார், மற்றவர்கள் தேடித் தேடித் தின்ன வேண்டும். பரிசு மேசை நடுவில் இருந்தது: பாதாம் மாவும் சீனியும் சேர்த்துச் செய்த ஒரு கொழுத்த பன்றிக்குட்டி. நிலுஷா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பிமுத்தண்ணை முதல் கரண்டியை எடுத்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு வாயில் வைக்கிற பெருநாள் சோறு. வைத்துவிட்டு வெகுநேரம் மென்றார். கிறெஸ்ரன் அவருக்குத்தான் பருப்பு அகப்பட்டுவிட்டது என்று நினைத்தார். நாங்கள் தின்றோம், தின்றோம், மூக்குமுட்டத் தின்றோம். பானை அடி தெரிந்தது. பருப்பைக் காணவில்லை. கிறெஸ்ரன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். கடைசியில் பிள்ளை எல்லோருடைய வாயையும் சோதிக்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னார்.

நிலுஷா கதிரையிலிருந்து இறங்கினாள். என்னுடைய வாயைப் பார்த்தாள், கிறெஸ்ரனின் வாயைப் பார்த்தாள். பிறகு தகப்பனுக்கு முன்னால் போய் நின்றாள். கொஞ்சம் யோசித்தாள்.

"ஆ காட்டுங்க" என்றாள்.

அவள் அவரோடு கதைத்த முதல் சொல் அது. தம்பிமுத்தண்ணை வாயைத் திறந்தார். அவள் கால் நுனியில் நின்று, அவருடைய கன்னத்தை ஒரு விரலால் இழுத்து, ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். பார்த்து முடிந்த பிறகும் அவர் வாயை மூடவில்லை. கண்ணால் தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும் ஓடியது, நான் சளித் தடிமன் என்று சொன்னேன்.

என்னத்தைத் தேடுகிறீர்கள் என்று அக்கா கேட்டா. சொன்னேன்.

"அந்தப் பருப்பா?" என்றா சாவகாசமாக. "அது மூத்த பசுவுக்குக் குடுத்த பிடியில கிடந்திச்சு. நல்ல சாமான்தானே, தின்னட்டுமெண்டு விட்டன்."

கிறெஸ்ரன் நீதிமான். வழக்கப்படி பன்றிக்குட்டி சிவத்தாளுக்கு என்று அறிவித்தார். சிவத்தாள் இனிப்புத் தின்றால் வயிறு கெடும் என்பதால் அவளை வளர்க்கிறவர் அவள் சார்பில் வாங்கலாம் என்று அண்ணையிடம் கொடுத்தார். அண்ணையின் கையிலிருந்து அது நிலுஷாவின் கைக்குப் போக ஒரு கணமும் எடுக்கவில்லை.

எழும்புகிற நேரம் கிறெஸ்ரன் என்னிடம் சொன்னார்: "நாளையிலிருந்து அவருக்கு லீவெண்டு சொல்லு. எவ்வளவு பெருநாள் சேர்ந்து கிடக்கு. தீபாவளி, பொங்கல், வருஷப்பிறப்பு எல்லாத்தையும் ஒவ்வொண்டாக் கொண்டாடட்டும். நீயும் நானும் கறப்பம்."

மாட்டின் உதைகள் எனக்கு நினைவுக்கு வந்தன. தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தேன். தம்பிமுத்தண்ணை மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். அவள் பன்றியின் காதைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"வேணாமெண்டு சொல்லு மனே" என்றார். "எல்லாப் பெருநாளும் இண்டைக்கு முடிஞ்சுது. நாளைக்குச் சும்மா நாள். சும்மா ஒரு நாள் வந்து எனக்கு மூணு வருஷம். விடியக் கறக்க நான் வாறன்."